பி.காம். பட்டம் மட்டும் போதுமா?

பள்ளி இறுதித் தேர்வு முடிவுகள் வெளியாகும் சமயத்தில் மாட்டுங்கா, சயான், தாராவி, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி எங்கும் தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுதான்: பையனை, பெண்ணை எதில் சேர்ப்பது? விஞ்ஞானப் பிரிவில் இடம் கிடைத்தவர்களுக்குக் கவலை இல்லை. மற்றவர்களுக்கு, "காமர்ஸ் இருக்கவே இருக்கிறது" என்று ஆறுதல் சொல்லப்படுகிறது.

வேறு ஊர்களில் இந்த ஆறுதல் பொருந்தலாம். மும்பையில் வணிகவியல் மிஞ்சியவர்களுக்கான படிப்பு அல்ல. ரிசர்வ் வங்கியின் தலைமையகம் இங்கே இருக்கிறது. 1875ல் தோன்றிய பம்பாய்ப் பங்குச் சந்தையும், 1994ல் வணிகத்தைத் தொடங்கிய தேசியப் பங்குச் சந்தையும் இங்கேதான் உள்ளன. கணக்கும் நிதியும் படித்தவனுக்கு இவ்வளவு அருகில் இவ்வளவு வேலைத்தலங்கள் இந்தியாவில் வேறெங்கும் இல்லை. ஆயினும் ஆண்டுதோறும் பி.காம். பட்டத்துடன் வெளிவரும் இளைஞர்களில் பலர் வேலை தேடி அலைகிறார்கள். இந்த முரண்பாட்டுக்குக் காரணம் என்ன என்பதைப் பெற்றோர் புரிந்து கொள்வது நல்லது.

நூறாண்டு கடந்த படிப்பு

வணிகவியல் உயர் கல்வி இந்த நாட்டில் வேர் விட்டதே மும்பையில்தான். 1913ல் சிடன்ஹாம் கல்லூரி தொடங்கப்பட்டது. ஆசியாவின் முதல் வணிகவியல் கல்லூரி என்ற பெருமை அதற்கு உண்டு. டாக்டர் அம்பேத்கர் 1918 முதல் 1920 வரை அங்கே பொருளாதாரப் பேராசிரியராக இருந்தார்.

கல்லூரி பிறந்த அதே 1913ல் இயற்றப்பட்ட கம்பெனிச் சட்டம், கம்பெனிக் கணக்குகளைத் தணிக்கை செய்வோருக்குத் தகுதி வேண்டும் என்று விதித்தது. 1918ல் கணக்கியலுக்கான அரசாங்க டிப்ளமோ பம்பாயில் தொடங்கியது. தேர்வில் தேறினால் மட்டும் போதாது; ஒரு கணக்கரிடம் மூன்றாண்டு கைப்பழக்கமும் பெற வேண்டும் என்பது அதன் நிபந்தனை. 1949ல் சார்ட்டர்ட் அக்கவுண்டண்டுகளுக்கான தனிச் சட்டமும் இன்ஸ்டிடியூட்டும் வந்தபோதும் இந்தக் கைப்பழக்கம் கைவிடப்படவில்லை.

தமிழர்களுக்கு இது புதிய சேதி அல்ல. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக் கடை நடத்திய செட்டிநாட்டார், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாக உயர்ந்து, பிறகே மேலாள் ஆனார்கள். சிட்டையும் பேரேடும் ஐந்தொகையும் அவர்கள் கடையில் உட்கார்ந்து கற்றவை. கணக்கு ஏட்டிலும் படிய வேண்டும், கையிலும் படிய வேண்டும் என்பது பழைய பாடம்.

தட்டெழுத்தின் கதை

மும்பைக்கு முதலில் வந்து வேரூன்றிய தமிழர்களில் ஒரு பகுதியினர் ஆங்கிலப் படிப்பையும் டைப்ரைட்டிங், சுருக்கெழுத்துச் சான்றிதழ்களையும் மூலதனமாகக் கொண்டு வந்தவர்கள். கோட்டைப் பகுதிக் கம்பெனிகளில் குமாஸ்தாவாக, ஸ்டெனோவாக அமர்ந்தார்கள். அந்த உத்தியோகங்களுக்கான போட்டி 1960களின் பிற்பகுதியில் தென்னிந்தியர்களுக்கு எதிரான கிளர்ச்சியாகவே வெடித்தது. பின்னர் கம்ப்யூட்டர் வந்தது. யார் போட்டியிட்டார்களோ அவர்கள் இருந்தார்கள். போட்டிக்குக் காரணமான உத்தியோகம்தான் மறைந்துவிட்டது.

இன்று வெறும் பி.காம். பட்டமும் அந்த நிலையை எட்டிக் கொண்டிருக்கிறது. பேரேட்டில் பதிவதையும், கூட்டுத் தொகையைச் சரிபார்ப்பதையும் கணக்கு மென்பொருள் நொடியில் செய்கிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. அமலான பிறகு சிறு வியாபாரியும் கம்ப்யூட்டர் கணக்குக்கு மாறிக் கொண்டிருக்கிறார். பதிவு செய்ய மட்டும் தெரிந்தவனுக்கு வேலை சுருங்கி வருகிறது. பதிந்ததைப் படித்துப் பொருள் சொல்லத் தெரிந்தவனுக்குத் தேவை இருக்கிறது.

படிப்பின் உட்பொருள்

இந்த வேறுபாட்டைச் சிறு உதாரணத்தால் விளக்கலாம். ஒரு கடைக்காரர் 80,000 ரூபாய் ரொக்கம் கொடுத்துச் சரக்கு வாங்குகிறார். அதை ஒரு லட்சத்துக்குக் கடனாக விற்கிறார். கணக்குப்படி அவருக்கு 20,000 ரூபாய் லாபம். ஆனால் கல்லாவில் 80,000 குறைந்திருக்கிறது. மாதக் கடைசியில் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. லாபம் சம்பாதித்த கடை மூடப்படும் அபாயத்தில் நிற்கிறது.

மென்பொருள் இந்த இரண்டு தொகைகளையும் பிழையின்றிக் காட்டிவிடும். கடன் வாங்கியவர் நம்பத் தகுந்தவரா, வங்கியில் எவ்வளவு நாளுக்குக் கடன் கேட்கலாம், அந்த வட்டியைக் கழித்தால் லாபத்தில் என்ன மிஞ்சும், அடுத்த முறை கடன் விற்பனையை எங்கே நிறுத்துவது, இவற்றுக்கு மனிதன்தான் பதில் சொல்ல வேண்டும். நிதி நிர்வாகம், அடக்க விலைக் கணக்கு, வணிகச் சட்டம், பொருளாதாரம் எனப் பட்டப் படிப்பில் வரும் பாடங்கள் எல்லாம் இந்தப் பதிலுக்குத்தான் பயிற்சி. தேர்வுக்கு முதல் வாரம் கைடு வாங்கிப் படித்துத் தேறுகிற மாணவன் இதைக் கற்பதில்லை. பட்டம் கையில் இருக்கும், பயிற்சி இருக்காது. நேர்முகத் தேர்வில் ஒரு கம்பெனியின் ஐந்தொகையை நீட்டி, "இதில் என்ன தெரிகிறது?" என்று கேட்டால் விழிக்க வேண்டி வரும்.

எந்த பி.காம்.?

மும்பை பல்கலைக்கழகக் கல்லூரிகளில் சாதாரண பி.காம். தவிர, கணக்கியல்-நிதி, வங்கி-இன்ஷூரன்ஸ், நிதிச் சந்தை, நிர்வாகவியல் எனத் தனிப் பிரிவுகளும் உண்டு. இவை பெரும்பாலும் சுயநிதிப் படிப்புகள். அரசு உதவி பெறும் சாதாரண பி.காமைவிடக் கட்டணம் அதிகம். 2024-25 முதல் பி.பி.ஏ., பி.எம்.எஸ். படிப்புகள் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் வரம்புக்குள் வந்தன. மகாராஷ்டிரத்தில் அவற்றுக்கு நுழைவுத் தேர்வும் வந்தது. ஆகவே விண்ணப்பிக்கும் முன் படிப்பின் பெயரையும் சேர்க்கை முறையையும் கல்லூரியில் நேரில் விசாரித்துக் கொள்வது அவசியம்.

சி.ஏ. படிக்க முடிவு செய்துவிட்ட மாணவனுக்கு அதிகக் கட்டணப் பிரிவு கட்டாயத் தேவை அல்ல. சாதாரண பி.காமில் சேர்ந்து, மிச்சமாகும் பணத்தைச் சி.ஏ. பயிற்சிக்குச் செலவிடலாம். சி.ஏ. வேண்டாம், மூன்றாண்டு முடிந்ததும் வேலைக்குப் போக வேண்டும் என்பவனுக்கோ, பாடங்கள் ஒரே துறையில் ஆழமாக அமைந்த தனிப் பிரிவு பயன்படும்.

இரட்டைக் குதிரைச் சவாரி

குடும்பங்கள் அதிகம் இடறி விழும் இடம் இதுதான். மும்பையின் வணிகவியல் கல்லூரிகள் பலவற்றில் வகுப்புகள் காலையிலேயே முடிந்துவிடுகின்றன. மீதி நாளில் சி.ஏ.வும் படித்துவிடலாம் என்ற கணக்கு அதனால் எழுகிறது. கணக்கு தவறில்லை. ஆனால் சுமையை எடை போட்டுப் பார்ப்பவர் குறைவு.

2023ல் மாற்றியமைக்கப்பட்ட திட்டப்படி, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஃபவுண்டேஷன், அடுத்து இன்டர்மீடியட், அதன்பின் இரண்டு ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப், கடைசியாக ஃபைனல் என்பது வரிசை. ஒவ்வொரு தாளிலும் 40 சதவிகிதமும், மொத்தத்தில் 50 சதவிகிதமும் வேண்டும். எல்லாம் முதல் தடவையே தேறினால் சுமார் மூன்றரை ஆண்டில் முடிந்துவிடும். அப்படித் தேறுவோர் சிலரே. 2023 நவம்பர் ஃபைனல் தேர்வில் இரண்டு குரூப்பும் ஒருசேர எழுதியவர்களில் தேறியவர்கள் 9.42 சதவிகிதம், 2024 மே தேர்வில் 19.88 சதவிகிதம். 2024 ஜூன் ஃபவுண்டேஷன் தேர்விலேயே தேறியவர்கள் 14.96 சதவிகிதம்தான்.

இந்த எண்கள் பயமுறுத்துவதற்காக அல்ல. தேறாதவர்களின் நிலையையும் குடும்பம் யோசிக்க வேண்டும் என்பதற்காகவே. சி.ஏ.வை நம்பிப் பி.காமை அலட்சியம் செய்து, இரண்டிலும் அரைகுறையாக இருபத்து நாலு வயதில் நிற்கும் பிள்ளைகள் உண்டு. வெளியே சொல்ல வெட்கப்பட்டு, "அடுத்த அட்டெம்ப்ட்டில் முடித்துவிடுவேன்" என்று ஆண்டுகளைத் தள்ளுகிறார்கள். தகப்பனார் ஓய்வு பெறும் நாளோ நெருங்கி வருகிறது.

இதைத் தவிர்க்க வழி உண்டு. பட்டத்தை முதலில் முடித்துவிட்டு வருவோரும் சி.ஏ.வில் சேரலாம். வணிகவியலில் 55 சதவிகிதம், பிற பாடங்களில் 60 சதவிகிதம் எடுத்த பட்டதாரிகள் ஃபவுண்டேஷன் எழுதாமலே நேராக இன்டர்மீடியட்டில் நுழையலாம். பள்ளி முடித்த கையோடு சேராவிட்டால் வாய்ப்பே போய்விடும் என்பது தவறான எண்ணம். முதல் ஆண்டில் ஃபவுண்டேஷன் எளிதாகத் தேறினால் தொடரலாம். இரண்டு முறை தவறினால் பட்டத்தில் கவனம் செலுத்தி, 55 சதவிகிதத்தை உறுதி செய்து கொள்வது புத்திசாலித்தனம். காஸ்ட் அக்கவுண்டன்ஸி, கம்பெனி செக்ரட்டரி படிப்புகளும் சட்ட அங்கீகாரம் பெற்றவையே. கணக்கைவிடச் சட்டத்தில் நாட்டம் உள்ளவர்களுக்குக் கம்பெனி செக்ரட்டரி பொருந்தும்.

தமிழ் வழியில் படித்தவர்கள்

மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிகளில் பத்தாவது வரை படித்துவிட்டு ஜூனியர் காலேஜுக்கு வரும் மாணவர்களுக்குத் தனித் தொல்லை ஒன்று உண்டு. வகுப்பில் ஆசிரியர் டெபிட் என்கிறார், கிரெடிட் என்கிறார். புரியாத பையன் தனக்குக் கணக்கு வராது என்று முடிவு கட்டிவிடுகிறான். அவனுக்குத் தெரியாதது ஆங்கிலமே அன்றிக் கணக்கு அல்ல. டெபிட் என்பது பற்று, கிரெடிட் என்பது வரவு, லெட்ஜர் என்பது பேரேடு என்று ஒரு மாதம் யாராவது உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் போதும். பிறகு அவனே நடப்பான். தமிழ்ச் சங்கங்களும், ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் இதைச் செய்தால் பெரிய தொண்டாக இருக்கும்.

மராத்தியும் இங்கே முக்கியம். பொதுத்துறை வங்கிகளின் குமாஸ்தாப் பணிக்கு எந்தப் பட்டமும் போதும். ஆனால் விண்ணப்பிக்கும் மாநிலத்தின் மொழியைப் படிக்க, எழுத, பேசத் தெரிந்திருக்க வேண்டும். பள்ளியில் மராத்தியை மார்க்குக்காக மட்டும் படித்து மறந்த பிள்ளைகள் இந்த வாய்ப்பை இழக்கிறார்கள்.

பெற்றோர் செய்ய வேண்டியது

மூன்று ஆண்டுகளுக்கும் ஒரு திட்டம் வகுத்துக் கொள்ளலாம். முதல் ஆண்டில் கணக்கியலின் அடிப்படையும் ஆங்கிலமும் உறுதிப்பட வேண்டும். இரண்டாம் ஆண்டு விடுமுறையில், சம்பளம் சொற்பமானாலும், ஓர் ஆடிட்டர் அலுவலகத்திலோ கடையிலோ இரண்டு மாதம் உண்மையான பில்களைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் மேற்படிப்பா, வங்கித் தேர்வா, வேலையா என்பது தீர்மானமாகிவிட வேண்டும். வீட்டில் நாளிதழ் வாங்கினால் வணிகப் பக்கத்தைப் பிள்ளை படிக்கிறானா என்றும் கவனிக்கலாம்.

அடுத்த வீட்டுப் பையன் சி.ஏ. தேறினான் என்பது தம் பிள்ளையைச் சி.ஏ.வில் சேர்க்கப் போதிய காரணம் ஆகாது. பி.காம். ஒரு வாசற்படி. அதில் ஏறியவர்கள் உள்ளே போகவும் வேண்டும். எந்த அறைக்குப் போவது என்பதைக் கல்லூரி சேரும் முன்பே பிள்ளையுடன் உட்கார்ந்து பேசிவிடுவதே, கட்டணத்தைவிடப் பெரிய முதலீடு.