சுகர் மிஷின்மீது ஒரு வழக்கு

சர்க்கரை வியாதி என்று நிர்ணயம் செய்யப்பட்ட ஒருவர், முதலில் மாத்திரைச் சீட்டோடு வீடு திரும்பி, பிறகு மருந்துக் கடையிலோ பிள்ளைகளின் தயவிலோ ஒரு குளுக்கோமீட்டரைச் சம்பாதித்துக்கொண்டு, அடுத்த முறை வரும்போது அதைத் துணிப்பையிலிருந்து எடுத்து என் மேஜைமேல் வைத்து, “டாக்டர், இந்த மிஷின் சரியில்லை” என்று முறையிடுவது இப்போது வாடிக்கையாகிவிட்டது. முறையிடுவதோடு நின்றால் எனக்கு வருத்தமில்லை. மிஷின் சரியில்லை என்று தாமே தீர்ப்பளித்து, அதைப் பரணில் போட்டுவிட்டு, ஆறாத காற்புண்ணோடு பல மாதம் கழித்து வருகிறவர்களும், மிஷின் காட்டிய ஒரே ஓர் எண்ணை வேதவாக்காகக் கொண்டு மாத்திரையை இரட்டிப்பாக விழுங்கி, வியர்த்து நினைவிழந்து தூக்கிவரப்படுகிறவர்களும் இருக்கிறார்களே, அவர்களை உத்தேசித்தே இதை எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் சிறுநீரை நீல நிறமான பெனடிக்ட் கரைசலோடு சேர்த்துக் காய்ச்சி, அது பச்சையாகிறதா, மஞ்சளாகிறதா, செங்கல் நிறம் கொள்கிறதா என்று பார்த்துத்தான் சர்க்கரையை அனுமானித்தார்கள். இன்று ஒரு துளி இரத்தத்தைக்கொண்டு சில விநாடிகளில் எண்ணாகவே தெரிந்துகொள்கிறோம். இந்தியாவில் 10 கோடிப் பேருக்குமேல் இவ்வியாதி இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் தெரிவித்திருக்கும்போது, இந்தச் சாதனம் வீட்டுக்கு வீடு நுழைந்திருப்பது ஆச்சரியமன்று. அதை உபயோகிக்கும் விதத்தை ஒருவரும் கற்றுக்கொள்ளாததுதான் ஆச்சரியம்.

முதலில் விரலை விசாரியுங்கள்

மாம்பழத்தை நறுக்கிவிட்டு, முந்தானையிலோ வேட்டித் தலைப்பிலோ கையைத் துடைத்துக்கொண்டு விரலைக் குத்திப் பார்க்கிறவருக்கு, தோலில் ஒட்டியிருக்கும் பழச்சாறே இரத்தத்துளியோடு கலந்து, இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டிவிடும். ஜப்பானிய மருத்துவர்கள் சிலர் இதை முறைப்படி சோதித்து, பழம் உரித்த விரலை ஸ்பிரிட் பஞ்சால் ஐந்து முறை துடைத்த பின்னும் கணக்கு உயர்ந்தே வந்தது என்றும், குழாய்த் தண்ணீரில் கழுவினால் சரியாக வந்தது என்றும் 2011-இல் வெளியிட்டார்கள். ஆகவே, ஸ்பிரிட் வாசனை இருந்தால்தான் அது வைத்தியம் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். கழுவிய கையை ஈரம் போகத் துடையுங்கள். ஈர விரலில் இரத்தம் நீர்த்துப் போய் எண் குறைந்து காட்டும்.

விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலியும் குறைவு. இரத்தம் வரவில்லையென்றால் கையைச் சற்றுத் தொங்கவிடுங்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் துடையுங்கள். எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல் விரலைப் பிழிந்தால் வருவது இரத்தம் மட்டுமன்று, சதையிலுள்ள நீரும் கலந்துதான் வரும்.

இன்னொன்று. ஊசியை மாற்றாமல், கணவனுக்கு ஒரு குத்து, மாமியாருக்கு ஒரு குத்து, ஆசைப்பட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு குத்து என்று ஒரே ஊசியைக் குடும்பச் சொத்தாகப் பாவிக்கும் வழக்கத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஹெபடைடிஸ் பி என்னும் மஞ்சள் காமாலைக் கிருமி பரவுவதற்கு இதைவிடச் சுலபமான மார்க்கம் வேண்டியதில்லை.

ஸ்ட்ரிப் டப்பா

குற்றவாளி பெரும்பாலும் மிஷின் அன்று, ஸ்ட்ரிப்தான். அதன் நுனியில் பூசப்பட்டிருக்கும் என்ஸைம் உஷ்ணத்திலும் ஈரத்திலும் வீரியத்தை இழந்துவிடுகிறது. பெரும்பாலான டப்பாக்கள் 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் வைக்கும்படி சொல்லுகின்றன. நமது சித்திரை வெயிலில் அடுப்படி அலமாரியும் நிறுத்திவைத்த காரும் என்ன பாடுபடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜில் வைப்பதும் பிசகு. வெளியே எடுத்ததும் ஈரம் கோத்துக்கொள்ளும். ஸ்ட்ரிப்பை அதன் சொந்த டப்பாவிலேயே, மூடியை உடனுக்குடன் அழுத்தி மூடி வைக்க வேண்டும். காலாவதித் தேதியை எல்லோரும் பார்க்கிறார்கள். திறந்தபின் இத்தனை மாதத்துக்குள் உபயோகிக்க வேண்டும் என்று சில டப்பாக்களில் அச்சிட்டிருப்பதைப் பார்ப்பவர் அரிது. ஆகவே திறந்த தேதியை டப்பாவின்மேல் எழுதிவையுங்கள். ஒரு கம்பெனி ஸ்ட்ரிப்பை இன்னொரு கம்பெனி மிஷினில் செருகுவதும், பழைய மாதிரி மிஷின்களில் டப்பாவின் கோட் எண்ணைப் பொருத்தாமல் விடுவதும் தவறான கணக்குக்கே வழி.

திரையில் “எரர்” என்று வந்தால், பெரும்பாலும் இரத்தம் போதவில்லை, அல்லது உபயோகித்த ஸ்ட்ரிப்பையே மறுபடி செருகியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். போதாத துளியின்மேல் இன்னொரு துளியைச் சேர்த்து ஸ்ட்ரிப்பை மிச்சப்படுத்தப் பார்க்காமல், புது ஸ்ட்ரிப் எடுங்கள். பாட்டரி ஓய்ந்திருந்தால் மாற்றுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் சந்தேகம் தீராவிட்டால், மிஷின் கம்பெனியார் விற்கும் கண்ட்ரோல் திரவத்தில் ஒரு துளியை வைத்துப் பாருங்கள். எண், டப்பாவில் அச்சிட்ட எல்லைக்குள் வந்தால் மிஷின் நிரபராதி.

“ஹை” என்று மட்டும் வந்தால் அது கோளாறன்று. பல மிஷின்களில் சர்க்கரை 600-ஐத் தாண்டினால் எண் வராது, இந்தச் சொல்தான் வரும். கையைக் கழுவி ஒருமுறை திரும்பப் பாருங்கள். மறுபடியும் அதுவே வந்தால், வாந்தியோ மூச்சிரைப்போ இருக்கிறதா என்று ஆராய்ந்துகொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். “மிஷின் ரிப்பேர்” என்று சொல்லி இரண்டு நாள் தூங்கிவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரே நிமிஷத்தில் மூன்று எண்கள்

இடது கையில் 142, வலது கையில் 156, மறுபடி குத்தினால் 149 என்று வந்தால், புதிதாக வியாதிக்கு ஆட்பட்டவர் உலகமே தம்மை ஏமாற்றுகிறது என்று நினைக்கிறார். இந்த மூன்றும் ஒரே எண்தான். வீட்டு மிஷினுக்கு 2013-ஆம் ஆண்டின் சர்வதேசத் தரவிதி அனுமதிக்கும் வித்தியாசமே, 100-க்குமேல் நூற்றுக்குப் பதினைந்து பங்கு. 100-க்குக் கீழே 15 மில்லிகிராம். அதுவும் நூறு பரிசோதனைகளில் தொண்ணூற்றைந்து இவ்வரம்புக்குள் அடங்கினால் போதும். உண்மையில் 200 இருப்பவருக்கு 175 என்றோ 225 என்றோ காட்டுகிற மிஷின் ஒழுங்கான மிஷினே.

லேப் எண்ணோடு ஒத்துப் பார்க்க விரும்பினால், வெறும் வயிற்றில், லேபில் இரத்தம் எடுக்கும் அதே வேளையில் விரலையும் குத்திப் பாருங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு விரல் இரத்தத்தில் சர்க்கரை, லேபில் எடுக்கும் சிரை இரத்தத்தைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும், அது இயற்கை. லேபும் தவறாத தெய்வமன்று. எடுத்த இரத்தம் மணிக்கணக்கில் குழாயிலேயே நின்றால் அதிலுள்ள சர்க்கரை குறைந்துகொண்டே போகும். காலை ஆறு மணிக்கு வீட்டில் பார்த்த எண்ணையும், தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் ஊழியர் பதினொரு மணிக்கு, இட்டிலிக்குப் பிறகு வந்து பார்த்த எண்ணையும் ஒப்பிட்டு அந்தப் பெண்மணியோடு சண்டை பிடிப்பது நியாயமா?

இரத்தசோகை உள்ளவர்களுக்கு, நம் பெண்களில் இவர்கள் மிகப் பலர், மிஷின் உண்மையைவிட அதிகமாகக் காட்டக்கூடும். வைட்டமின் சி மாத்திரையை அதிக அளவில் விழுங்குகிறவர்களுக்கும் சில மிஷின்களில் அப்படியே.

லண்டனிலிருந்து வந்த மிஷின்

லண்டனிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளை அன்போடு அனுப்பிய மிஷினில் 11.1 என்று பார்த்துவிட்டு, “எனக்குச் சுகரே இல்லை டாக்டர், பதினொன்றுதான்” என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. அந்நாடுகளில் அளவை வேறு. அந்த எண்ணைப் பதினெட்டால் பெருக்குங்கள், 11.1 என்பது நம் கணக்கில் 200.

கஷாயத்தின் வெற்றி

இப்போது எனக்குப் பொறுமை குறைகிற இடத்துக்கு வருகிறேன். பாகற்காய்ச் சாறு, ஆவாரம்பூக் கஷாயம், சிறுகுறிஞ்சான் பொடி, நாவற்கொட்டைத் தூள் என்று உறவினர் சொன்னதையெல்லாம் குடித்துவிட்டு, மறுநாள் காலையில் மிஷின் 110 காட்டியதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். முந்தைய வாரங்களில் விழுங்கிய மாத்திரையின் பலன் சரீரத்தில் இன்னும் இருந்தது என்பதும், கஷாயத்துக்கு அஞ்சி முதல்நாள் இரவு பாதி வயிற்றோடு படுத்தார்கள் என்பதும் அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. புகழ் முழுவதும் கஷாயத்துக்குப் போய்விடுகிறது. அதன்பிறகு மிஷினைத் தொடுவதும் இல்லை. குணமானவருக்குப் பரிசோதனை எதற்கு?

“ராத்திரி ஒன்றுமே சாப்பிடவில்லை, காலையில் எப்படி ஏறும்? மிஷின்தான் பொய்” என்பது இன்னொரு வாதம். நீங்கள் சாப்பிடாவிட்டாலும் உங்கள் கல்லீரல் விடியற்காலையில் சர்க்கரையை இரத்தத்தில் விட்டுக்கொண்டுதான் இருக்கும். “அடிக்கடி குத்தினால் இரத்தம் வற்றிவிடும்” என்பது மூன்றாவது. கொசு குடிப்பதே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். “தலை சுற்றவில்லை, ஆகையால் சுகர் இல்லை” என்பது எல்லாவற்றிலும் அபாயகரமானது, ஏனென்றால் இருநூறும் முந்நூறும் வருஷக்கணக்கில் ஓசையில்லாமல் கண்ணையும் சிறுநீரகத்தையும் அரித்துக்கொண்டிருக்கும்போது தலை சுற்றவே சுற்றாது. என்னிடம் வருகிற நாளுக்கு முந்தின இரண்டு நாள் பட்டினி கிடந்து நல்ல எண்ணைக் காட்டுகிறவர்களும் உண்டு. அவர்கள் ஏமாற்றுவது என்னையன்று.

பரிசோதனைகள்

மிஷின் இருந்தாலும் லேப் பரிசோதனைகளை விடக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு நாள் பட்டினிக்கு ஏமாறாமல் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி. வருஷத்துக்கு ஒருமுறை சிறுநீர், கண், பாதம்.

ஒரு விண்ணப்பம்

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, எண்ணோடு நேரத்தையும், சாப்பிட்டதையும், மாத்திரை போட்டதையும் எழுதி வாருங்கள். சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி என்பதை முதல் கவளத்திலிருந்து கணக்கிடுங்கள். 70-க்குக் கீழே வந்தால், அல்லது வியர்த்து நடுங்கினால், மிஷினோடு தர்க்கம் செய்யாமல் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிஷம் கழித்துத் திரும்பப் பாருங்கள். தேறியதும் ஏதாவது சாப்பிடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

எண் உயர்ந்தால் மாத்திரையைக் கூட்டாதீர்கள், தாழ்ந்தால் நிறுத்தாதீர்கள். இரண்டையும் என்னிடமோ உங்கள் டாக்டரிடமோ விட்டுவிடுங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை வரும்போது நோட்டையும் மிஷினையும் ஸ்ட்ரிப் டப்பாவையும் சேர்த்தே கொண்டுவாருங்கள். எதிரில் உட்கார்ந்து ஒருமுறை குத்திப் பார்த்தோமானால், சந்தேகத்தில் பாதிக்குமேல் அங்கேயே தீர்ந்துவிடும்.