பரண் மேல தாத்தா துப்பாக்கியா? உஷார்!

லைசென்சு வைத்திருந்த தாத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி பரணில் கிடக்கிறது. "நம்ம வீட்டு சாமான்தானே, இருந்துட்டுப் போகட்டும்" என்று பேரன் நினைத்தால் வம்புதான்.

1959-ம் ஆண்டு ஆயுத சட்டப்படி, லைசென்சுதாரர் இறந்ததும் துப்பாக்கியை தாமதிக்காமல் போலீஸ் நிலையத்திலோ, லைசென்சு பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். மறக்காமல் ரசீது வாங்கிக்கொள்வது நல்லது. கொடுத்தால் போச்சு என்று பயப்பட வேண்டாம். வாரிசு தன் பெயரில் லைசென்சு வாங்கினால் திரும்பக் கிடைக்கும். வேண்டாம் என்றால் விற்கச் சொல்லி பணத்தை வாங்கிக்கொள்ளலாம். கெடு தாண்டும் வரை சும்மா இருந்தால் அரசாங்கத்துக்குப் போய்விடும்.

ஏன் இத்தனை கெடுபிடி?

துப்பாக்கி பிறக்கும்போதே கணக்கில் ஏறுகிற பொருள். தயாரித்தவர் பெயர், நம்பர் என்று ஏதாவது அடையாளம் பொறிக்காத துப்பாக்கியை விற்கவோ கைமாற்றவோ கூடாது. அந்த நம்பரை அரத்தால் ராவி அழிப்பதும் குற்றம்.

கடைக்காரர்களுக்கு இன்னும் வேலை அதிகம். எந்தத் துப்பாக்கி எங்கிருந்து வந்தது, யாருக்குப் போனது, கையிருப்பு எவ்வளவு என்று பதிவேட்டில் எழுத வேண்டும். தோட்டாவுக்கும் கணக்கு உண்டு. விற்றதும் வாங்கியவரின் லைசென்சிலும் குறித்துக் கொடுக்க வேண்டும். கடை நோட்டில் தில்லுமுல்லு செய்தால் அந்த லைசென்சே காட்டிக்கொடுத்துவிடும்.

2016-ல் வந்த புதிய விதிகளின்படி லைசென்சுதாரர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் கொடுத்து தேசிய கம்ப்யூட்டர் பட்டியலிலும் ஏற்றுகிறார்கள்.

மச்சானுக்கு விற்கலாமா?

அவரிடம் லைசென்சு இருந்தால் விற்கலாம். ஆனால் முதலில் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்து போலீஸ் நிலையத்துக்கோ அவர் பெயர், முகவரியை எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம் 45 நாள் பொறுக்கணும். மச்சான் என்பதற்காக சலுகை கிடையாது.

லைசென்சு இல்லாமல் பட்டறையில் துப்பாக்கி செய்து விற்பவர்களுக்கு முன்பு 3 முதல் 7 ஆண்டு வரை ஜெயில். 2019-ல் சட்டத்தை திருத்தி, குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை என்று ஆக்கிவிட்டார்கள். கள்ளத்தனமாகச் செய்யும் நாட்டுத்துப்பாக்கிக்கு நம்பரும் கிடையாது, பதிவேடும் கிடையாது. யார் செய்தது, யார் விற்றது என்று தேட போலீசாருக்கு ஒரு துண்டுச்சீட்டுகூட மிஞ்சாது.