முதியோர் இல்ல உணவும் ஒவ்வாமைக் காப்பும்

உணவிலுள்ள தீங்கற்ற புரதம் ஒன்றை உடலின் தற்காப்பு அமைப்பு பகைப்பொருளாகக் கொண்டு எதிர்ப்பதே உணவு ஒவ்வாமை எனப்படும். 'அலர்ஜி' என்னும் சொல்லை 1906-ஆம் ஆண்டில் ஆஸ்திரிய மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே வழங்கினார். ஒவ்வாமை சிலருக்குத் தோல் தடிப்போடு நின்றுவிடும். சிலருக்கோ மூச்சுக்குழல் சுருங்கி, இரத்த அழுத்தம் வீழ்ந்து, சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து விளையும்.

இடுக்கி மாவட்டத்து ஏலமலைப் பகுதியிலுள்ள சக்குபள்ளம் போன்ற ஊர்களில் தமிழ்ச் சமையலும் மலையாளச் சமையலும் அருகருகே வழங்குகின்றன. இங்கு முதியோருக்குப் பொதுச் சமையல் செய்வோர் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளவேண்டும். கண்ணுக்குத் தெரியும் உணவைக் காட்டிலும் அதனுள் மறைந்திருக்கும் பொருளே பெரிதும் தீங்கு செய்கிறது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பதுண்டு. ஆகவே அரிசிச் சோறும் சாம்பாரும் மட்டுமே உண்பவரும் கோதுமையை உட்கொள்ள நேரலாம். சம்மந்தியில் உலர்ந்த இறால் பொடி, குருமாவில் முந்திரி, இட்லிப் பொடியில் எள், சட்டினியில் நிலக்கடலை ஆகியனவும் இத்தகையனவே. நிலக்கடலையை வறுப்பதால் அதன் தீங்கு நீங்கிவிடாது.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, பசைப்புரதம் உள்ள தானியங்கள், இறால், நண்டு போன்றவை, முட்டை, மீன், நிலக்கடலை, சோயா, பால், கொட்டைப் பருப்புகள், கிலோவுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள சல்பைட்டு ஆகியவற்றைச் சிப்பத்தின் மேல் குறிப்பிடுதல் வேண்டும். அப்பட்டியலில் எள்ளும் கடுகும் இடம்பெறவில்லை. உதிரியாக வாங்கும் பொடிகளுக்கோ குறிப்புச் சீட்டே கிடையாது. எனவே சீட்டைப் படிப்பதோடு, பொடியில் என்னென்ன சேர்ந்துள்ளன என்று விற்பவரிடம் கேட்டறிவதும் அவசியமாகும்.

முதியோர் நிலைமை தனிக் கவனத்திற்குரியது. மறதி நோயுற்றவர் தமக்கு ஒவ்வாததைச் சொல்ல இயலாது. இரத்த அழுத்தத்திற்கும் இருதய நோய்க்கும் தரப்படும் பீட்டா தடுப்பு மருந்துகள், ஒவ்வாமை அதிர்ச்சியில் உயிர்காக்கும் அட்ரினலினின் பயனைக் குறைக்கக்கூடும். 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்திற்கு ஓர் இல்லமேனும் 150 பேருக்குக் குறையாமல் தங்கும்படி அமைக்க வழிகாட்டுகிறது. அத்தனை பேருக்கும் ஒரு சமையற்காரரின் நினைவாற்றல் போதாது.

ஆகவே பின்வரும் முறைகள் கைக்கொள்ளத் தக்கவை:

1. இல்லத்தில் சேரும் நாளிலேயே உறவினரையும் மருத்துவரையும் கேட்டு, ஒவ்வாத பொருள்களைப் பதிவேட்டில் எழுதுக. அதன் படியைச் சமையற்கூடச் சுவரில் ஒட்டுக.

2. ஒவ்வாமையுடையோர் உணவை முதலில் சமைத்து, மூடி, பெயர் எழுதித் தனியே வைக்க.

3. தனிக் கரண்டி, தனிப் பாத்திரம் பயன்படுத்துக. பாத்திரங்களைத் துணியால் துடைத்தல் போதாது. சோப்பும் நீரும் கொண்டு கழுவுக. பொரித்த எண்ணெயை மீண்டும் இவர்களுக்குப் பயன்படுத்தற்க.

4. பொருள் தீர்ந்து வேறொன்று சேர்க்க நேரின், பரிமாறுபவருக்கு முன்னரே அறிவிக்க.

உணவுக்குப்பின் முகவீக்கமோ, மூச்சுத்திணறலோ, மயக்கமோ தோன்றின் காத்திராது 108-ஐ அழைக்க. நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துக; மூச்சுத் திணறுபவரை உட்காரவைக்க; எழுந்து நடக்கவிடற்க. மருத்துவரோ செவிலியரோ அட்ரினலினைத் தொடையின் வெளிப்புறத் தசையில் உடனே செலுத்துதல் வேண்டும். அரிப்புக்குரிய மாத்திரை அதற்கு ஈடாகாது. மலைப் பாதையில் மருத்துவமனையை அடையக் காலம் செல்லுமாதலால், அம்மருந்தை இல்லத்தில் வைத்திருப்பது குறித்து மருத்துவரிடம் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுதல் நலம்.

கள அலுவலர்கள் இல்லங்களைப் பார்வையிடும்பொழுது பதிவேட்டோடு சமையற்கூடச் சுவரையும் காண்பார்களாக. பள்ளி மதிய உணவிற்கும் இம்முறைகள் பொருந்தும் என்பதை ஆசிரியர்கள் அறிதல் வேண்டும்.