முட்டி வலியை எப்படி அளப்பது?

பெருமுக்கல் பக்கம் மல்லாட்டைக்குக் களையெடுப்பு என்றால் நாளெல்லாம் குந்தியபடிதான். எங்க சித்தி சாயங்காலம் கையை ஊன்றித்தான் எழுந்திருப்பாங்க. டாக்டர் கேட்டால், "முட்டி வலிக்குதுங்க" என்பதோடு சரி.

வலியையும் அளக்கலாம். 'வோமேக்' என்ற கேள்வித்தாள் 1980களில் கனடாவில் உருவானது. வலிக்கு 5 கேள்வி, விறைப்புக்கு 2, அன்றாட வேலைக்கு 17. மருந்துக்கு முன்னும் பின்னும் இதையே கேட்டு, மதிப்பெண் குறைந்ததா என்று பார்ப்பார்கள். குளியல் தொட்டியில் இறங்க முடிகிறதா என்றுகூட அதில் வரும். நம்மகிட்ட இருக்கிறது மாட்டுத்தொட்டிதான்! புனே மருத்துவர் அரவிந்த் சோப்ரா குழுவினர் அதை நம் பழக்கத்துக்கு ஏற்ப மாற்றினார்கள்.

அவர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில் முட்டித் தேய்மானம் உள்ள 440 பேர், 24 வாரம். சுக்கு, சீந்தில் சேர்ந்த ஆயுர்வேத மருந்து, செலிகாக்சிப் மாத்திரைக்கு ஈடாக வலியைக் குறைத்தது. ஆனால் சிலருக்கு ரத்தச் சோதனையில் கல்லீரல் நொதி கூடியது. மூலிகைதானே என்று நாமாகக் காய்ச்சிக் குடிப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

சித்திகிட்ட சொல்லியிருக்கேன்: குந்த முடியுதா, படி இறங்க முடியுதா, காலையில் விறைப்பு எத்தனை நிமிஷம், இதையெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லுங்க. விறைப்பு அரை மணிக்கு மேல் நீடித்தால் முடக்குவாதமா என்றும் பார்க்க வேண்டியிருக்கும்.