கட்டடத்துக்குப் போன காசு, பிள்ளைக்குப் போன காசு

தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கிய தொகை 46,767 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டு 44,042 கோடி. ஒதுக்கீடு ஏறிக்கொண்டுதான் வருகிறது. ஆனால், 'அசர்' ஆய்வுக் குழுவினர் 2022-ல் கிராமத்து வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொன்னபோது, தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. பெருந்தொற்றில் பள்ளிகள் பூட்டிக் கிடந்ததற்குப் பிந்தைய கணக்கு அது. ஆனால், அதற்கு முன்பும், 2018-ல்கூட, நாம் பாதியைத் தொடவில்லை.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்து, "பணத்தைக் கொட்டினால் படிப்பு வந்துவிடுமா?" என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். அரசுப் பள்ளிகளே தேவையில்லை என்பவர்களுக்கும் இந்தக் கேள்வி கைகொடுக்கிறது. கேள்வியே கோணலானது என்பது என் கருத்து. காசு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த பிறகு யார் கையில் போய்ச் சேருகிறது என்றல்லவா கேட்க வேண்டும்?

பணத்தால் பயனில்லை என்று வாதிடுபவர்கள் வழக்கமாகக் காட்டுவது அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியை. கறுப்பினப் பிள்ளைகளைப் பிரித்து வைத்திருந்த பள்ளிகளைச் சீர்செய்யும்படி 1985-ல் அங்கே ஒரு நீதிபதி உத்தரவிட்டார். சுமார் 12 ஆண்டுகளில் ஏறத்தாழ 200 கோடி டாலர் செலவானது. புதுக் கட்டடங்கள் எழும்பின. ஒலிம்பிக் அளவில் நீச்சல் குளம்கூட வந்தது. மதிப்பெண் மட்டும் ஏறவில்லை.

அதே நாட்டில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஏழை வட்டாரப் பள்ளிகளுக்கும் நியாயமான பங்கு தரவேண்டும் என்று பல மாநிலங்களில் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. அந்தப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போகும்வரை தொடர்ந்து கவனித்து, ஜாக்சன், ஜான்சன், பெர்சிக்கோ என்ற மூன்று பொருளியலாளர்கள் 2016-ல் ஆய்வு வெளியிட்டார்கள். பள்ளிக் காலமான 12 ஆண்டுகளும் செலவு 10 சதவீதம் கூடுதலாக இருந்தால், ஏழைப் பிள்ளைகள் ஏறக்குறைய அரை ஆண்டு கூடுதலாகப் படிக்கிறார்கள். பெரியவர்களானதும் அவர்களுடைய கூலியும் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. அந்தப் பணத்தால் வகுப்புக்குப் பிள்ளைகள் குறைந்தார்கள், ஆசிரியர் சம்பளம் உயர்ந்தது, பள்ளி நடக்கும் நாட்கள் கூடின.

சம்பளத்தை மட்டும் உயர்த்தினால் போதுமா? இந்தோனேசியா அதைச் செய்து பார்த்தது. தகுதிச் சான்று பெற்ற ஆசிரியர்களுக்கு அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பானது. ஆசிரியர்களின் பணக் கஷ்டம் குறைந்தது, நல்ல விஷயம்தான். ஆனால், பிள்ளைகளின் கற்றலில் மாற்றம் எதுவும் தெரியவில்லை என்று ஆய்வு சொன்னது. ஆந்திரத்தில் நோட்டு, எழுதுபொருள் வாங்கச் சில பள்ளிகளுக்கு மானியம் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பாராமல் வந்த முதல் ஆண்டில் பிள்ளைகள் முன்னேறினார்கள். அடுத்த ஆண்டும் வரும் என்று தெரிந்ததும், பெற்றோர் தாங்கள் செய்துவந்த செலவைக் குறைத்துக்கொண்டார்கள், முன்னேற்றம் நின்றுபோனது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூலி வேலைக்குப் போகிற வீட்டில் மிச்சமாகும் நூறு ரூபாய்க்கு வேறு தேவை காத்திருக்கும்.

நமக்கான பாடத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் அங்கன்வாடியிலேயே இருக்கிறது.

காலையில் ஓர் அங்கன்வாடிக்குள் எட்டிப் பாருங்கள். பிள்ளைகள் 'டீச்சர்' என்று கூப்பிடும் அந்தப் பெண் ஒருவர்தான். உதவியாளர் அடுப்படியில் இருப்பார். டீச்சர் பிள்ளைகளுக்கு எடை பார்க்க வேண்டும், கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும், தடுப்பூசிக்கு வராத வீடுகளுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், பதிவேட்டையும் செல்போன் செயலியையும் நிரப்ப வேண்டும். இதற்கு நடுவில் மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாட்டும் எண்ணும் எழுத்தும் சொல்லித்தர வேண்டும். எது தள்ளிப்போகும் என்று சொல்லத் தேவையில்லை.

இங்கே கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள், தமிழக அரசின் ஒத்துழைப்போடு ஓர் எளிய சோதனை செய்தார்கள். 320 மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் அவற்றில் பாதி மையங்களுக்குக் கூடுதலாக ஒரு பெண்ணை அரை நாள் வேலைக்கு அமர்த்தினார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது மட்டுமே அவர் வேலை. கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தால், கணக்கிலும் மொழியிலும் அந்த மையத்துப் பிள்ளைகள் மற்றவர்களைத் தாண்டியிருந்தார்கள். பழைய டீச்சருக்கு ஆரோக்கியப் பணிகளைக் கவனிக்க நேரம் கிடைத்ததால், ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. செலவைப் போல 13 முதல் 21 மடங்கு பலன் நெடுங்காலத்தில் திரும்பி வரும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. இவ்வளவுக்கும் காரணம் கூடுதலாக வந்த ஓர் ஆள்.

'இல்லம் தேடிக் கல்வி'யும் இதே வழிதான். 2021 இறுதியில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை நேரத்தில் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பெருந்தொற்றில் மூடிய பள்ளிகள் மீண்டும் திறந்து ஆறு மாதத்துக்குள், கிராமப்புறப் பிள்ளைகள் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டுவிட்டார்கள். அந்த மீட்பில் ஏறத்தாழ கால் பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது என்று சுமார் 19 ஆயிரம் பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு சொல்கிறது. அதிகம் பயன்படுத்திக்கொண்டவர்கள் வசதியற்ற வீட்டுப் பிள்ளைகள். பிறகு மையங்களைக் குறைத்துவிட்டார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை.

சாப்பாட்டுக்குச் செலவழிப்பதை இலவசம் என்று கேலி பேசுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. காமராஜர் 1956-ல் தொடங்கிய மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022-ல் வந்த காலை உணவு எல்லாமே கல்விச் செலவுதான். இந்தியா முழுவதும் மதிய உணவுத் திட்டத்தை ஆராய்ந்தவர்கள், ஓராண்டுக்கும் குறைவாகச் சாப்பிட்ட பிள்ளைகளைவிட ஐந்தாண்டு வரை சாப்பிட்டவர்களின் வாசிப்பு மதிப்பெண் 18 சதவீதம் கூடுதலாக இருக்கக் கண்டார்கள். வயிறு நிறைந்த பிள்ளைதான் கரும்பலகையைப் பார்க்கும்.

கட்டடம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒழுகும் கூரைக்குக் கீழேயும், கழிப்பறை இல்லாத இடத்திலும் படிப்பு ஏறாது. ஆனால், திறப்பு விழா நடத்தக்கூடிய செலவுக்கு நிதி சட்டென்று கிடைத்துவிடுகிறது. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் சேர்த்துவைத்துக்கொண்டு திணறுகிற இருவருக்குத் துணையாக இன்னொருவரைக் கேட்டால் கோப்பு நகர்வதில்லை. ஒன்றிய அரசு தன் பங்குக்கு, தேசியக் கல்விக் கொள்கையைக் காரணம் காட்டி 2024-25-ல் தமிழகத்துக்குரிய 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தது. பிள்ளைகள் படிப்பில் அரசியல் செய்வதற்கு இதைவிடக் கொடிய வழி இல்லை.

தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. அடுத்த நிதிநிலை அறிக்கையில், ஒவ்வொன்றிலும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர மட்டும் இரண்டாவதாக ஒரு பெண்ணை அமர்த்துங்கள். நம் மண்ணிலேயே சோதித்துப் பலன் தெரிந்த திட்டம் இது. இனி இன்னொரு ஆய்வுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.