சட்டத்தை விட்டவர், வீட்டை விடாதவர்

1902 கோடையில், சுவிட்சர்லாந்தின் சில்ஸ் மரியா என்ற மலைக் கிராமத்தில் உட்கார்ந்து, 19 வயதுப் பையன் ஒருவன் பெற்றோருக்கு விளக்கமாக எழுதினான். மூன்று பருவம் படித்தாகிவிட்டது. இனி சட்டம் வேண்டாம், மருத்துவம் படிக்கிறேன் என்பது விஷயம். எந்தத் தகப்பனுக்கும் வயிற்றில் புளியைக் கரைக்கும் சேதி. அதிலும் இந்தத் தகப்பன் தானே சட்டம் படித்தவர். வட ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் வங்கி இயக்குநர். பையன் கார்ல் யாஸ்பர்ஸ். பின்னாளில் மனநல மருத்துவத்துக்கு அடிப்படை நூல் ஒன்றைத் தந்து, அங்கிருந்தும் நகர்ந்து தத்துவப் பேராசிரியரானவர்.

சட்டப் பாடம் அவருக்கு ஒட்டவேயில்லை. ஹைடல்பர்க்கிலும் மியூனிக்கிலும் வகுப்பில் கேட்டதெல்லாம், உயிருள்ள மனிதரோடு சம்பந்தமில்லாத சொல்விளையாட்டாகவே பட்டது. மனிதனை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் உடம்பிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவர் கணக்கு. வீட்டில் சம்மதித்தார்கள்.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் இன்னொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆல்பர்ட் ஃபிராங்கெல் என்ற மருத்துவர் அவருடைய நோய்க்குப் பெயர் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார். மூச்சுக்குழாய்கள் விரிந்து சளி தேங்கும் நோய், இதயமும் பலவீனம். இதற்கு ஆளானவர்கள் முப்பதுகளைத் தாண்டுவதில்லை என்று அக்கால மருத்துவ மேதை விர்கோவ் எழுதியிருந்ததை யாஸ்பர்ஸ் தாமே படித்துவிட்டார். பாதி ஆயுள்கூட நிச்சயமில்லாதவனுக்கு, பிடிக்காத படிப்பில் ஏழெட்டு ஆண்டு செலவழிக்க மனசு வராது.

அவர் விட்டாலும் சட்டம் அவரை லேசில் விடவில்லை. மருத்துவப் பட்டத்துக்காக அவர் எழுதி 1909இல் வெளியான ஆய்வேட்டின் தலைப்பு ‘வீட்டு ஏக்கமும் குற்றமும்’. கிராமத்துச் சிறுமிகளைப் பற்றியது. பதின்மூன்று, பதினான்கு வயதில் அயலார் வீட்டுக்குப் பிள்ளை பார்த்துக்கொள்ள அனுப்பப்படுவார்கள். போன இடத்தில் சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது, அம்மா ஞாபகம். ஒருநாள் அந்த வீட்டுக்குத் தீ வைத்துவிடுவாள். அல்லது, சொல்லவே நா கூசுகிறது, தன் கையில் ஒப்படைத்த குழந்தையையே கொன்றுவிடுவாள். குழந்தை இல்லையென்றால் நமக்கு இங்கே வேலை இல்லை, ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது அந்தப் பிஞ்சு மனசின் கணக்கு. இவளைக் கொலைகாரி என்பதா, நோயாளி என்பதா? பழைய வழக்குகளைத் திரட்டி, ஹைடல்பர்க் மனநல மருத்துவமனையில் பரிசோதிக்கப்பட்டவர்களையும் சேர்த்து, அந்த ஏக்கம் எப்படிப் படிப்படியாக முற்றியது என்று பொறுமையாக எழுதிப்போகிறார். அதை வெளியிட்டது குற்றவியல் இதழ் ஒன்று. அதன் ஆசிரியர் ஹான்ஸ் கிராஸ் ஒரு சட்ட அறிஞர்! மூன்று பருவப் படிப்பு வீண் என்று யாராவது சொன்னால் இந்த ஏட்டைத்தான் எடுத்துக் காட்ட வேண்டும்.

அந்த மருத்துவமனையின் தலைவர் ஃபிரான்ஸ் நிஸ்லிடம் அவர் பார்த்தது சம்பளமில்லாத வேலை. உடல்நிலையைப் பார்த்து வார்டு முறையிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். விரும்பிய நோயாளிகளிடம் உட்கார்ந்து கேட்கலாம், நூலகத்தில் படிக்கலாம். செலவுக்கு வீட்டிலிருந்து பணம் வந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும். அப்பா கை கொடுக்காவிட்டால் இந்தக் கதையே கிடையாது. 1913இல், முப்பது வயதில், ‘பொது மனநோயியல்’ வெளிவந்தது. ஒருவருடைய மனநிலையை உள்ளே புகுந்து புரிந்துகொள்வது வேறு, அதற்கு மூளையில் காரணம் தேடுவது வேறு என்று அதில் அவர் போட்ட கோடு இன்றும் வகுப்பறைகளில் விவாதமாகிறது.

வீட்டுக்கு வருவோம். 1907இல் உடன்படித்த எர்ன்ஸ்ட் மேயர் தம் அக்காவைப் பார்க்க அழைத்துப்போனார். கெர்ட்ரூட் பெரிய மேசையொன்றில் முதுகைக் காட்டியபடி படித்துக்கொண்டிருந்தார். ஆள் வந்தது தெரிந்தும் பதறாமல், புத்தகத்தை மூடிவிட்டு நிதானமாகத் திரும்பினார். அந்த நிதானத்தில் விழுந்தவர்தான் யாஸ்பர்ஸ். கெர்ட்ரூட் அவரைவிட நான்கு வயது மூத்தவர், யூதப் பெண். 1910இல் கல்யாணம், குழந்தைகள் இல்லை.

குதிரையேற்றம், நீச்சல், நடனம், நெடுநடை எல்லாமே நோயால் யாஸ்பர்ஸுக்கு விலக்கு. கொஞ்ச நேரம் எழுத்து, பிறகு சோபாவில் சாய்வு, மறுபடி எழுத்து. சளியை ஒழுங்காக வெளியேற்றுவதும் அன்றாட வேலை. வருகிறவர்களுக்கு நேரம் குறித்துத்தான் பேச்சு. இந்த ஒடுங்கிய வாழ்க்கையைத் தியாகம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊர் சுற்ற முடியாதவருக்கு வாய்த்த மனைவி, எழுதியதைப் படித்து விவாதிக்கக்கூடியவர். வீட்டிலேயே பேச்சுத்துணை இருந்தால் வெளியே எதற்குப் போவது?

அந்த வீட்டைத்தான் நாஜிகள் குறிவைத்தார்கள். மனைவியைக் கைவிட்டிருந்தால் அவருக்கு எந்தச் சிக்கலும் இருந்திருக்காது. கைவிடவில்லை. 1937இல் பேராசிரியர் பதவி போனது, அடுத்து நூல் வெளியிடும் வாய்ப்பும் போனது. எந்த நேரமும் வந்து இழுத்துப்போகலாம் என்பதால் இருவரும் கைக்கெட்டும் தூரத்தில் சயனைடு வைத்திருந்தார்கள். 1945 ஏப்ரல் 14 அன்று அவர்களை வெளியேற்ற ஏற்பாடாகியிருந்தது. அதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்னதாக அமெரிக்கப் படை ஹைடல்பர்க்குக்குள் வந்துவிட்டது.

அந்த ஆண்டுக் குளிர்காலத்திலேயே மாணவர்களுக்கு முன்னால் நின்று ஜெர்மானியரின் குற்றத்தைப் பற்றிப் பேசினார். குற்றத்தை நான்காகப் பிரித்தார்: சட்டப்படியானது, அரசியல் சார்ந்தது, ஒழுக்கம் சார்ந்தது, நான்காவது அதற்கும் அப்பாற்பட்டது. முதலாவதற்குத்தான் நீதிமன்றம், இரண்டாவதற்குக் குடிமக்கள் எல்லாரும் சேர்ந்து பொறுப்பு, மற்ற இரண்டுக்கும் அவரவர் பதில் சொல்லியாக வேண்டும். சொந்த நாட்டில் பலருக்கு இது கசந்தது. 1948இல் கணவனும் மனைவியுமாகச் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குக் குடிபோனார்கள். பழைய மாணவி ஹன்னா ஆரென்ட் அமெரிக்காவிலிருந்து அந்த வீட்டுக்கு அடிக்கடி வந்து தங்கிப் பேசிவிட்டுப் போவார். முப்பதுகளைத் தாண்டமாட்டார் என்று கணிக்கப்பட்டவர், 1967இல், 84 வயதில், ஜெர்மன் குடியுரிமையை உதறிவிட்டுச் சுவிஸ் குடிமகனானார். மேற்கு ஜெர்மனி எங்கே போகிறது என்று கேட்டு அவர் எழுதிய கண்டனப் புத்தகம் அதற்கு முந்தைய ஆண்டுதான் வந்திருந்தது.