கண்ணாடித் தொட்டிக்குள் கடல்!

கதிர்காமத்துக் கூடத்துக்குக் கடல் வருமா? சின்னத் தொட்டியளவு வரும்!

இதற்கென்றே தொட்டி விற்கிறார்கள். வடிகட்டி, மோட்டார் எல்லாம் பின்தடுப்பில் அடக்கம். குளோரின் நீக்கிய நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடல் உப்புக் கலவை சேர்க்க வேண்டும். சமையல் உப்பு உதவாது.

உடனே மீன் விடலாமா? கூடவே கூடாது! மீன் கழிவிலிருந்து அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகும். அதைப் போக்கும் நுண்ணுயிர்கள் பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை துளித் தீனி மட்டும் போட்டு வர வேண்டும்.

நீர் வற்றும், உப்பு வற்றாது. ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரே ஊற்ற வேண்டும். உப்பு நீரை ஊற்றினால் மீனுக்கு ஆபத்து.

உயிர்ப் பவளம் ஆசை காட்டும். வாங்காதீர்கள், சிறைதான்! 2001-ம் ஆண்டு முதல் பவளப் பூச்சிக்கும் புலிக்கும் சட்டத்தில் ஒரே இடம். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையை வெட்டி வெட்டி, 21 தீவுகளில் 2 மூழ்கியே போயின. தொட்டிக்குச் செயற்கைப் பவளம் போதும்.

மீன்? கோமாளி மீன்தான்! பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தார் இதைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். குஞ்சுகள் எல்லாமே முதலில் ஆண். இரண்டை விட்டால், பெரியது பெண்ணாக மாறிவிடும்!